தட்டக்காவின் தண்ணீர் நிலவரம்

கயிற்றின் ஆறாவது முடிச்சு தண்ணீருக்குள் போனதும் தட்டு மறைகிறது. தட்டக்கா அதோடு விடுவதில்லை. அரை முடிச்சு மேலே இழுக்கிறாள். தட்டின் வெள்ளை மங்கலாகத் தெரிகிறது. அரை முடிச்சு கீழே விடுகிறாள், போயே போய்விட்டது. "ஆறுதான்" என்று ஆற்றைப் பார்த்துச் சொல்கிறாள், ஏதோ அது ஏழு என்று அவளிடம் வாதாடியதைப் போல. பிறகு பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு கயிற்றைச் சுருட்டி இழுக்கிறாள். மணி ஐந்தே முக்கால். மனிதர்கள் போர்வைக்குள் இருக்கிற நேரத்தில் இவள் தினம் இப்படி ஒரு சாப்பாட்டுத் தட்டை ஆற்றில் முக்கி எடுக்கிறாள்.

தட்டு பழையது. விளிம்பில் மூன்று ஓட்டை, அடியில் ஒரு கல், மேலே கயிறு, கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. பத்து முடிச்சு வரை தட்டு தெரிந்தால் ஆறு கண்ணாடி. மூன்றிலேயே மறைந்தால் டீத்தண்ணி. அடுத்து, மீன் தொட்டிக்குள் வைக்கிற வெப்பமானி ஒன்றை வேறொரு கயிற்றில் இறக்குவாள். அணையின் அடிமட்டத்திலிருந்து வருகிற தண்ணீர் கோடையிலும் பல் கூசும். அந்தக் குளிரில்தான் ட்ரவுட் மீன் பிழைக்கும். பாலத்தின் இறக்கத்தில் அவள் கடை இருக்கிறது. தூண்டில், நெஞ்சுவரை ஏறும் ரப்பர் கால்சட்டை, இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி எல்லாம் அங்கே கிடைக்கும். புழு கிடைக்காது. புழு கேட்டு வருகிறவனைக் கோழி திருட வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

கடையில் விற்பதைவிட அவள் சும்மா கொடுப்பதற்குத்தான் ஊரில் கிராக்கி. காலை ஆறரைக்கு வாட்ஸ்அப் குழுவில் அவள் குரல் வந்துவிடும். "தண்ணி ஆறு முடிச்சு தெளிவு. பத்து டிகிரி. பதினோரு மணிக்கு மேல பூச்சி எழும்பும், சாம்பல் கலர் கட்டுங்க. சாயங்காலம் வரைக்கும் தண்ணி ஏறாதுன்னு தோணுது. தோணுதுன்னுதான் சொன்னேன்." இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதைக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு அதில் முப்பது பேர் போன் போட்டு, தண்ணி எப்படி என்று கேட்கிறார்கள். அங்கேதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் பல் டாக்டர். வயது அறுபத்தெட்டு. பல் பிடுங்குவதை விட்டுவிட்டு இப்போது தட்டக்காவின் உயிரைப் பிடுங்குகிறார். ஒரு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆனாலும் பாலத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டரில், நட்டாற்றில் கிடக்கும் கூழாங்கல் திட்டில் போய் நின்றால்தான் அவருக்கு மீன் பிடித்ததாகக் கணக்கு. ஆறு முப்பத்தைந்துக்கு அவர் போன் வரும்.

"நீ பேசுனதக் கேட்டேன்மா. ரெண்டு தடவை கேட்டேன். சரி, தண்ணி எப்படி?"

"ஈரமா இருக்கு டாக்டர்."

அவர் அசர மாட்டார். ஒரு காலத்தில் இவள் வாய் நிறையப் பஞ்சைத் திணித்துவிட்டு, பிள்ளைங்க எப்படி, வியாபாரம் எப்படி என்று விசாரித்தவர்தான். பதில் வராத கேள்விகளைக் கேட்டே பழகிய மனுஷன்.

இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே ஒரு விஷயம்தான்: ரெண்டாம் மெஷின் ஓடுமா, ஓடாதா? மேலே இருக்கும் அணையில் மின்சாரம் எடுக்க இரண்டு யந்திரங்கள். ஒன்று ஓடினால், பாலத்தடி மடுவைத் தவிர, ஆறு முழங்காலளவு. திட்டுக்கு நடந்தே போகலாம். இரண்டாவதையும் திருப்பினால் அரைமணி நேரத்தில் நெஞ்சளவுக்கு வந்து, நிற்கிற ஆளை வாரிக்கொண்டு போகும். அணையில் சங்கு ஊதுவார்கள். அந்தச் சங்கு அணையிலேயே வேலை செய்கிறவர்களுக்குத்தான் கேட்கும். அணை அலுவலகத்துக்கென்று ஒரு போன் நம்பரும் உண்டு. அதில் ஒரு பெண்குரல் காலை எட்டரைக்கு அன்றைய அளவைச் சொல்லிவிட்டு, இது முன்னறிவிப்பின்றி மாறக்கூடும் என்று முடிக்கும். அணைக்காரர்கள் இதுவரை சொன்னதில் உண்மை அந்தக் கடைசி வரி மட்டும்தான் என்பது தட்டக்காவின் கட்சி.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ரெண்டாம் மெஷினைத் திருப்புகிற கை தட்டக்காவின் வீட்டுக்காரருடையது. அவர் அந்த மின்நிலையத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டர். அறிவிப்பு வெளிவருமுன் தண்ணீர் விவரம் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். இருபத்தாறு வருஷமாக அந்தத் தாளை மனைவியைவிடப் பத்திரமாக வைத்துக் காப்பாற்றி வருகிறார். நாளைய உத்தரவு முந்தின நாள் சாயங்காலமே போனில் வந்துவிடும். தட்டக்கா பக்கத்திலேயே நின்று தட்டு துடைப்பாள். "சரி சார். சரி சார். சரி சார்." மூன்று சரியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? போனை வைத்துவிட்டுப் பேப்பரை விரிப்பார்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாயே என்று குழுவில் இருப்பவர்கள் கேலி செய்யும்போது அவளுக்கு நெஞ்சு காந்தும். "வெண்ணெயா? கல்லுங்க அது. கல்லுளிமங்கன்."

கல்யாண நாள் ஒன்றில் இருவரும் ஆற்றங்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனார்கள். தண்ணீரை ஒட்டி அவள் விரிப்பைப் போட்டாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கொஞ்சம் மேலே போட்டுக்கொள்ளலாமே, நிழலாக இருக்கும் என்றார். மேலே நிழலே இல்லை. அவள் முனகிக்கொண்டே மாற்றிப் போட்டாள். இரண்டு மணி நேரத்தில் முதலில் விரித்த இடம் ஆற்றுக்குள் இருந்தது. தெரியும்தானே என்று கேட்டாள். என்ன தெரியும் என்று கேட்டார். அன்றைக்கு அவள் வந்த வழியெல்லாம் பேசவில்லை. அவருக்கு அது ஒரு தண்டனையாகவே படவில்லை என்பது இன்னும் எரிச்சல்.

ஆனால் தட்டக்கா சும்மா இருக்கிறவளா? எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில் அவளாகவே கண்டுபிடித்தாள். சமையலறை அலமாரியில் அவருடைய டிபன் டப்பாக்கள் இரண்டு. ஒன்று சிவப்பு மூடி, ஒன்று நீல மூடி. அவள் பாலத்துக்குப் போயிருக்கும் நேரத்தில் அவரே சாப்பாட்டை நிரப்பிக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். ஒரு மெஷின் என்றால் மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடியும். சிவப்பு டப்பா போதும். ரெண்டாம் மெஷினும் ஓடுகிற நாளில் இருட்டும்வரை இருக்க வேண்டும். மாலைப் பசிக்கு நீலமும் போகும். அவ்வளவுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்றிருந்த மனுஷனின் ரகசியம் முழுக்க அவர் வயிற்றில் இருந்தது!

அன்றிலிருந்து அவள் பாலத்திலிருந்து திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத்தான் எட்டிப் பார்ப்பாள். நீலம் இருந்தால், ஏறாதுன்னு தோணுது. நீலம் இல்லையா, ஆத்துப் பக்கமே வராதீங்க. எட்டு வருஷத்தில் ஒருநாள்கூடத் தப்பியதில்லை. பெரிய பெரிய இன்ஜினியர்களெல்லாம், எப்படிம்மா இவ்வளவு கரெக்டா சொல்றே என்று வியப்பார்கள். தட்டை நீட்டிக் காட்டுவாள். அலமாரியைப் பற்றி மூச்சு விட்டதில்லை. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் அந்த உத்தமர் அன்றைக்கே இரண்டு டப்பாவையும் தினம் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்துவிடுவார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். போன மாதம் சறுக்கியது.

அன்று நீல டப்பா அலமாரியில் இருந்தது. தண்ணீர் எட்டு முடிச்சுத் தெளிவு. மேகமூட்டமாக, காற்றில்லாமல், மீன் பிடிக்கிறவர்கள் வருஷம் முழுக்கக் காத்துக் கிடக்கிற மாதிரியான நாள். முந்தின நாள் போன்களில் அவள் காது புண்ணாகியிருந்தது. அந்தக் கடுப்பில், தோணுது கீணுது என்று இழுக்காமல் ஒரே போடாகப் போட்டாள். "சாயங்காலம் வரைக்கும் தண்ணி ஏறாது. திட்டு வரைக்கும் தாராளமா போகலாம். யாரும் எனக்குப் போன் பண்ணாதீங்க."

ஆறு முப்பத்தைந்துக்குப் பல் டாக்டர் போன் பண்ணினார். திட்டுக்குப் போவதாகச் சொன்னார். அணை நம்பரையும் எட்டரைக்கு ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள் என்று இவள் சொன்னதற்கு, அவர்கள் கிடக்கிறார்கள், நீ சொன்னால் போதும் என்றுவிட்டார்.

பதினோரு மணிக்குக் கடை வாசலில் நின்றிருந்தவள் கண்ணில் முதல் சருகு பட்டது. ஆறு ஏறும்போது முதலில் வருவது தண்ணீர் இல்லை, குப்பை. கரையோரம் உலர்ந்து கிடந்த இலை, சுள்ளி, நுரை எல்லாவற்றையும் ஏறுகிற தண்ணீர் கூட்டித் தள்ளிக்கொண்டு வரும். சருகுக்குப் பின்னால் பத்து, பத்துக்குப் பின்னால் ஒரு பாயளவு. தட்டக்கா என்ன செய்தாள் தெரியுமா? ஆற்றை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி அலமாரியைப் பார்த்தாள். நீல டப்பா அங்கேயே இருந்தது. திறந்து வேறு பார்த்தாள். உள்ளே வாடை அடிக்காமலிருக்க அவள் மடித்து வைக்கிற பேப்பர் துண்டும் அப்படியே இருந்தது. பிறகு எப்படி ஏறும்? கண் முன்னால் ஏறுகிற ஆற்றை நம்பாமல், ஒரு டப்பாவை நம்பிக்கொண்டு முழுசாக இரண்டு நிமிஷம் நின்றாள். மறுபடி வாசலுக்கு வந்தபோது பாலத்துத் தூணில் பாசிக்கோடு முழுகியிருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டாள். கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த அவர் காருக்குள் அது மணியடித்தது. நனைந்துவிடும் என்று எப்போதும் அங்கேதான் வைத்துவிட்டு, கரையோரமாக நடந்து போவார். தட்டக்கா நீளக் காம்பு போட்ட மீன் வலை ஒன்றைக் கடையிலிருந்து உருவிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். பாலத்திலிருந்து திட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆகும். அதில் எவ்வளவு ஏற்கனவே போய்விட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கரைப்பாதையில் ஸ்கூட்டர் போகாது; அன்றைக்குப் போயிற்று.

டாக்டர் திட்டில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். தூண்டில் கோல் வில்லாக வளைந்திருந்தது. வாழ்க்கையிலேயே பெரிய மீன் அன்றைக்கென்று பார்த்து மாட்டியிருந்தது. தட்டக்கா ஹாரனை அழுத்திப் பிடித்தாள். அவர் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கி, சத்தம் போடாதே என்று காட்டினார். திட்டின் மேல்முனையில் தண்ணீர் ஏற்கனவே நாக்கை நீட்டியிருந்தது.

"டாக்டர், தண்ணி வருது! விட்டுட்டு வாங்க!"

"ஒரே நிமிஷம்மா."

அந்த ஒரு நிமிஷத்தில் அவரைக் கொன்றுவிடலாம் போலிருந்தது அவளுக்கு. செருப்போடு ஆற்றில் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. குளிர் எலும்பில் ஏறியது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி அவரைக் கூப்பிட்டாள். அதற்குத்தான் மனுஷன் திரும்பினார். திரும்பியவர் காலைச் சுற்றித் தண்ணீரைக் கண்டார், கோலைக் கைவிட்டார். நடுவழியில் தண்ணீர் அவர் நெஞ்சைத் தொட்டபோது ஆபரேஷன் ஆன கால் மடங்கியது. தட்டக்கா வலையின் காம்பை நீட்டினாள். அவர் பிடித்தது காம்பை அல்ல, வலையை. அது கிழிந்தது, ஆனால் வளையம் தாங்கியது. இழுத்தாள். இருபத்தாறு வருஷத்து ஆத்திரத்தையும் சேர்த்து இழுத்தாள்.

கரையில் உட்கார்ந்து டாக்டர் வெடவெடவென்று நடுங்கினார். ஒரு பூட்ஸ் போயிருந்தது. திட்டு இருந்த இடத்தில் ஆறு சமமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கோபப்படவே இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி அவள் முகத்தைப் பார்த்து, "ஏறாதுன்னு சொன்னியேம்மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ராத்திரி வீட்டுக்காரர் வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. நீல டப்பாவை ஏன் எடுத்துப் போகவில்லை என்று பிடித்துக்கொண்டாள். அவர் விழித்தார். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறதாம். மாலை வேளைச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லி ஆஸ்பத்திரி டாக்டர் உத்தரவாம். போன வாரமே சொன்னாராம். அதையும் இவர் வீட்டில் சொல்லவில்லை. அதற்கும் எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. எட்டு வருஷத்துக் கதையையும் கொட்டினாள்: அலமாரி, சிவப்பு, நீலம், டாக்டரின் கால், கிழிந்த வலை. அவர் நின்ற இடத்திலேயே நின்று முழுவதும் கேட்டார்.

"டாக்டர் நல்லா இருக்காரா?"

"இருக்கார்."

பையை மேடைமேல் வைத்துவிட்டு, "நான் வாயத் தொறக்க முடியாதும்மா. எழுதிக் கொடுத்திருக்கேன்" என்றார்.

"நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. இனிமே எதுவும் சொல்றதாவும் இல்ல."

குழுவில் ஒரே வரி போட்டாள்: நாளையிலிருந்து தட்டு கிடையாது, அணை நம்பரைக் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டுவிட்டுத் தட்டைக் கயிற்றோடு சுருட்டிக் கல்லாவுக்கு அடியில் தள்ளினாள். கெஞ்சினார்கள், கோபித்துக்கொண்டார்கள். யாரோ ஒருவன் ஆற்றில் சோப்பு டப்பா மூடியை முக்கிப் பார்த்துவிட்டு, தெளிவு நாலு மூடி என்று அறிவித்தான். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்துக்கொள்ளவில்லை. ஒரு மனுஷனைத் தண்ணீருக்குள் அனுப்பிய வாய் இது, மூடியே கிடக்கட்டும் என்று இருந்தாள். விடிந்ததும் விழிப்பு மட்டும் வந்து தொலைத்தது. அந்த நேரத்தில் கண்ணைத் திறந்தபடி படுத்துக் கிடப்பதைப்போல் ஒரு கொடுமை வேறில்லை.

ஒன்பதாம் நாள் காலை, அவர் கிளம்பிப் போனபின் எழுந்து சமையலறைக்குப் போனவள் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அலமாரியைப் பார்த்தாள். நீல டப்பா இல்லை. அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னாள். ஒன்பதே நாளில் பத்தியம் காற்றில் பறந்துவிட்டதா? சர்க்கரை என்ன, விளையாட்டா? வரட்டும் சாயங்காலம் என்று கறுவினாள். கறுவி முடித்தபின் இன்னொன்றும் புத்தியில் தட்டியது. நீலம் போயிருக்கிறது. இன்றைக்கு ரெண்டாம் மெஷின். போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"இன்னைக்கு யாரும் ஆத்துல இறங்காதீங்க. அவ்ளோதான்."

மூன்றாவது நிமிஷம் பல் டாக்டர் அழைத்தார். "கேட்டேன்மா" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "சரி, தண்ணி எப்படி?"

பதினொன்று அடிக்கும்போது சருகு வந்தது. பின்னாலேயே ஆறு ஏறியது. திட்டில் ஆளில்லை, பாலத்தின் மேல் வரிசையாக நின்று எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

இருட்டியபின் அவர் வந்தார். பையை மேடைமேல் வைத்துவிட்டு, பேப்பரை விரித்து உட்கார்ந்தார். நாள் முழுக்கக் கோத்து வைத்திருந்த வசவோடு தட்டக்கா பையிலிருந்து டப்பாக்களை எடுத்தாள். சிவப்பில் எண்ணெயும் பருக்கையும் ஒட்டியிருந்தன. எவ்வளவு தின்றிருக்கிறார் பார்க்கலாம் என்று நீல மூடியைத் திறந்தாள். உள்ளே வாடையில்லை. ஈரமில்லை. ஒன்பது நாளைக்கு முன்பு அவள் திறந்து பார்த்த அதே பேப்பர் துண்டு, மடிப்புக் கலையாமல் அடியில் கிடந்தது.

வெறும் டப்பாவை எதற்குச் சுமந்துகொண்டு போனீர்கள் என்று கேட்க வாயெடுத்துத் திரும்பினாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரமாகியும் பக்கம் திரும்பவில்லை.

தட்டக்கா குழாயைத் திறந்தாள். சிவப்பைக் கழுவினாள். பிறகு நீலத்தையும் எடுத்து, நன்றாகச் சோப்புப் போட்டு, மூடியின் பள்ளத்தில் விரலை விட்டுத் தேய்த்துக் கழுவினாள். துணியால் துடைத்து, புதிதாக ஒரு பேப்பரைக் கிழித்து மடித்து உள்ளே வைத்து, அலமாரியில் சிவப்புக்கு முன்னால், வாசலிலிருந்தே கண்ணில் படுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.